கேட்டால் மட்டும் சொல்கிற அண்ணி

கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், அந்த வீட்டுக் குளியலறைக்குள் இருபது நிமிஷம் மாட்டிக்கொண்டேன். போட்ட தாழ்ப்பாளை எடுக்க முடியவில்லை. இழுத்தேன், தட்டினேன், சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். புதுப்பெண் கத்தினால் நன்றாகவா இருக்கும் என்று வாயையும் மூடிக்கொண்டேன். கடைசியில் பொறுக்க முடியாமல், "யாராச்சும் இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன்" என்றது ஒரு குரல். என் வீட்டுக்காரரின் அக்கா. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் உள்ளே போனதிலிருந்து!

"அண்ணி, கதவு தொறக்க மாட்டேங்குது."

"ஆமா, அது மாட்டிக்கிரும்."

"எப்புடித் தொறக்கறது?"

"கதவத் தோளால ஒரு முட்டு முட்டிட்டுத் தாப்பாள எடு."

முட்டினேன். திறந்துகொண்டது. வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, "இவ்வளவு நேரமாத் தட்டுறேன், சொல்லக் கூடாதா அண்ணி?" என்றேன்.

"நீ கேக்கலையே" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை அலசப் போனார். முகத்தில் நக்கலும் இல்லை, கோபமும் இல்லை. மணி கேட்டால் மணி சொல்கிற மாதிரி சொன்னார்.

அண்ணி அப்படித்தான். கேட்டதற்குப் பதில் உண்டு. பொய் கிடையாது, கூட்டிக் குறைத்துச் சொல்வதும் கிடையாது. கேட்காததற்கு ஒரு வார்த்தை வராது. என் அம்மா வீட்டு ஆட்கள் முதன்முதலாகச் சாப்பிட வந்த அன்று, அண்ணி ஏற்கெனவே உப்புப் போட்டிருந்த குழம்பில் நான் திரும்பவும் ஒரு கை அள்ளிப் போட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் சித்தப்பா ஒரு வாய் வைத்துவிட்டு மோர் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவரிடம் போய் நின்றால் அதே பதில்தான் வரும் என்று தெரிந்ததால் போகவில்லை.

ஒருநாள் நேராகவே கேட்டேன். "ஏன் அண்ணி இப்புடி இருக்கீங்க?"

கேட்டுவிட்டேன் அல்லவா, சொன்னார். குளத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே வாயைத் திறந்தாலே, "ஒன்னைய யாரு கேட்டா?" பாலு பொங்குது என்றாலும் அதுதான், எனக்கு ஒடம்புக்கு முடியலை என்றாலும் அதுதான். "ஆறு வருஷம் புள்ள. அப்பறம் திரும்பி வந்துட்டேன். வாய் மட்டும் திரும்பல" என்றார். அதற்கு முன்பு அறந்தாங்கியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நாலு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறார். கடைத்தெருவில் குழந்தையும் கையுமாக வருகிற பெண்கள் இன்றைக்கும் "மிஸ்" என்று நின்று பேசுவார்கள். அவர்களுக்கும் கேட்டதற்குத்தான் பதில்.

அந்த வீடு அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். கல்யாணமான இரண்டாம் மாதம் என் வீட்டுக்காரர் குவைத்துக்குத் திரும்பிப் போனார். அடுத்த நாலு மாதத்தில் மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆஜானுபாகுவான மனிதர். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க, உட்காரவைக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் நாற்காலியில் தூக்கி வைத்துக் குளிப்பாட்ட, இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள் வேண்டும். வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஒரு பக்கம் அண்ணி. ஒரு பக்கம் நான். நான் அம்மா வீட்டுக்கு ஒரு ராத்திரி தங்கப் போவதென்றால்கூட மாமாவை யார் தூக்குவது என்று பேச்சு வரும், நான் போக மாட்டேன். எனக்கு இருபத்தைந்து வயது. கணக்கில் டிகிரி. காலையில் எழுந்ததும் அந்தக் கட்டிலின் இரும்புக் காலைப் பார்த்தால் திரும்பிப் படுத்துக்கொள்ளத் தோன்றும். மாமா மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பாவம் அவர். எனக்கு அந்த வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். அவ்வளவுதான்.

யாருக்கும் சொல்லாமல் ஃபோனிலேயே வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை திருச்சிக் கம்பெனி ஒன்றிலிருந்து பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஆன்லைனில் டெஸ்ட், அது முடிந்ததும் கேமரா முன்னால் இன்டர்வியூ. ஃபோனில் கலந்துகொள்ளக் கூடாது, லேப்டாப்தான். தனி அறையில் இருக்க வேண்டும். தவறவிட்டால் மறு தேதி கிடையாது.

என்னிடம் லேப்டாப் இருந்தது. ப்ளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை ஏன் நான் சும்மா விடவில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆன் பண்ணினால் அரசாங்க முத்திரை வரும். திரையின் பின்னணிப் படத்திலும் அதுதான். இன்டர்வியூவில் திரையைக் காட்டச் சொல்வார்கள் என்று ஒரு தோழி சொல்லியிருந்தாள். இலவச லேப்டாப் கேஸ் என்று நினைத்துவிட்டால்? உடனே மானம் பொங்கிவிட்டது எனக்கு. மூடியின் வெளிப்பக்கம் இருக்கிற முத்திரை கேமராவுக்கு எப்படித் தெரியும் என்றுகூட யோசிக்காமல், அதன்மேல் பூப்போட்ட ஸ்டிக்கர் ஒட்டினேன். வெள்ளிக்கிழமை காலையில் அறந்தாங்கிக்குக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புது விண்டோஸ் போடச் சொன்னேன். சாயந்திரம் தந்துவிட்டார்கள். பளபளவென்று இருந்தது. முத்திரை போய்விட்டது. வைஃபையும் போய்விட்டது.

வீட்டில் வேறு நெட் கிடையாது. ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் பிடிப்பதுதான் வழக்கம். பிடிக்கிற இடத்தையே காணோம். கடைக்காரருக்கு ஃபோன் பண்ணினேன்.

"அதுக்கு வயர்லெஸ் டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் ஏத்தணும் தங்கச்சி. நெட்ட மட்டும் குடுங்க, தன்னால எடுத்துக்கிரும்."

"நெட்டு வரணும்னாதான் அண்ணே டிரைவர் வேணும்."

"டிரைவர் வரணும்னா நெட்டு வேணும்ல?"

"அதான் அண்ணே நானும் சொல்றேன்!"

"அப்ப திங்கக்கெழம கொண்டாங்க, பாப்போம்" என்று வைத்துவிட்டார். பூட்டின பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்த கதை.

அக்கம்பக்கத்தில் லேப்டாப் இருக்கிற பிள்ளைகள் எல்லாரும் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தார்கள், லேப்டாப்போடு. வேறு வழியில்லாமல் அண்ணியிடம் விஷயத்தை உடைத்தேன். திருச்சியில் வேலை, கிடைத்தால் அங்கேயே விடுதியில் தங்க வேண்டும் என்பது வரைக்கும் சொன்னேன். மாமாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நிற்கவில்லை. கஞ்சியைக் கொடுத்து முடித்து, வாயைத் துடைத்துவிட்டு வந்து, "இங்கிட்டு வை" என்று சாப்பாட்டு மேஜையைக் காட்டினார்.

லேப்டாப்புக்குள் இருக்கிற கருவிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தார். ஒரு வரியில் மட்டும் மஞ்சள் முக்கோணம். அதற்குள் ஒளிந்திருந்த நீள நீளமான எண்ணையும் எழுத்தையும் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அச்சடித்த மாதிரி எழுதினார். "இதான் அந்த வைஃபை கார்டோட ஜாதகம்" என்றார். கேட்காமலே ஒரு வாக்கியம்! நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை என் ஃபோனில் அந்த எண்ணைத் தேடி ஒரு டிரைவரை இறக்கினோம். ஃபோன் சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் சொருகி, கோப்பை அங்கிட்டு மாற்றினார் அண்ணி. ஓட்டினால் 'இந்தக் கருவிக்குப் பொருந்தாது' என்று வந்தது. இன்னொன்று இறக்கினோம். அதுவும் அதேதான். மூன்றாவது பாதியில் இருக்கும்போது அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டுக் கழற்றினார். பதினொரு திருகாணிகளையும் எந்த ஓட்டையில் இருந்ததோ அந்த வரிசையிலேயே தட்டில் வைத்தார். உள்ளே தபால்தலை அளவுக்கு ஒரு கார்டு. அதை உருவி, பென்சில் அழிக்கிற ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் பண்ணினார். தேய்த்துக்கொண்டே, சென்டரில் ஒரு பெண் மௌஸைத் தூக்கித் திரையிலேயே வைத்து நகர்த்திய கதையைச் சொன்னார். நான் சிரித்ததில் கட்டிலிலிருந்து மாமா, "என்னத்தடி நோண்டுறீங்க?" என்று குழறலாகக் கேட்டார். "ஒங்க மருமக வண்டிக்கு டிரைவர் தேடுறோம்ப்பா" என்றார் அண்ணி. அவர் கிண்டல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இதைச் சொல்லாமல் போனால் பாவம். அந்த வீட்டில் நான் சிரித்த நாட்களை எண்ணினால் அந்தச் சனி ஞாயிறுதான் வரும். டீ போட்டால் இரண்டு பேருக்கும் மேஜைக்கே கொண்டுவந்தார். மத்தியானத்துக்குக் குழம்பு கூட வைக்கவில்லை, ரசத்தோடு விட்டார். அவர் விரல்கள் கீபோர்டில் ஓடுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் கார்டைத் திரும்ப மாட்டின பிறகும் மஞ்சள் முக்கோணம் அப்படியேதான் நின்றது.

திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து டீக்கடையில் விசாரித்தால், "மாடு அவுக்கப் போயிருக்காருங்க. நாளைக்கிச் சாயந்தரம்தான் வருவாரு" என்றார்கள். எங்கள் பக்கம் மாசியில் எந்த ஊரிலாவது ஜல்லிக்கட்டு இருக்கும். மாடு வளர்க்கிறவனுக்கு அதைவிட உலகத்தில் வேறு வேலை கிடையாது. இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் வைத்துவிட்டுப் போங்க, மூன்று நாளாகும் என்றார். இன்னொருவர் இந்த மாடலா என்று உதட்டைப் பிதுக்கினார். திரும்பி வந்து அண்ணியிடம், "வேற எதாச்சும் வழி இருக்கா அண்ணி?" என்று கேட்டேன்.

கேட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்த வார்த்தையில்தான் கேட்டேன். அண்ணி காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்போம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாமாவுக்குக் குளியல் நாள். எட்டு மணிக்கு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். எனக்கு அடக்க முடியவில்லை. கண்ணீர் தன் பாட்டுக்குக் கொட்டுகிறது, துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் அவர் அக்குளுக்குக் கீழே. இனிமேல் வாழ்க்கை முழுக்க இந்தப் பக்கம்தான் எனக்கு என்று தோன்றியது. மாமா முதுகுக்கு மேலாக அண்ணி என்னைப் பார்த்தார்.

குளிப்பாட்டித் துவட்டிப் படுக்கவைத்த பிறகு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக மேஜைக்குப் போனார். "ஒன் ஃபோனக் குடு" என்றார். சனிக்கிழமை சொருகின அதே ஒயரைச் சொருகினார். ஃபோனில் செட்டிங்கிற்குள் போய் எதையோ ஒன்றைத் தொட்டார். அவ்வளவுதான். லேப்டாப்பின் மூலையில் நெட் வந்துவிட்டது. ஃபோனிலிருந்து ஒயர் வழியாகவே வருகிறது. இரண்டு நிமிஷத்தில் விண்டோஸ் தானே தேடி வயர்லெஸ் டிரைவரையும் இறக்கிப் போட்டுக்கொண்டது. மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. மணி ஒன்பதரைகூட ஆகவில்லை.

"எப்புடி அண்ணி!" என்று கட்டிக்கொண்டேன்.

"போ, போய்த் தலைய வாரு" என்றார்.

வேலை கிடைத்தது. குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர், அக்கா சரி என்றால் போ என்றார். அண்ணியிடம், "நீ பாத்துக்குவியாக்கா?" என்று கேட்டார். "பாத்துக்குவேன்" என்றார் அண்ணி. அடுத்த வாரம் நான் திருச்சியில் இருந்தேன். விடுதியில் முதல் நாள் காலை, தூக்குவதற்கு யாரும் இல்லாமல் எழுந்து ஜன்னலோரம் சும்மா நின்றேன். அந்தச் சந்தோஷத்தை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

தினமும் சாயந்திரம் ஃபோன் பண்ணுவேன். "மாமா எப்புடி இருக்காங்க அண்ணி?" "நல்லா இருக்காரு." "சாப்ட்டாங்களா?" "சாப்ட்டாரு." "சரி அண்ணி, வச்சிருறேன்."

ஐந்து மாதம் கழித்து, ஆபீஸில் எனக்குப் பக்கத்து இருக்கைக்குப் புது லேப்டாப் ஒன்று வந்தது. அதிலும் வயர்லெஸ் வேலை செய்யவில்லை. சிஸ்டம் பார்க்கிற அக்கா வந்தார், தன் ஃபோனை ஒயரால் சொருகினார், ஒன்றைத் தொட்டார், போய்விட்டார். நான் எழுந்து பின்னாலேயே போய், "இது எல்லாருக்கும் தெரியுமாக்கா?" என்றேன். "என்னங்க இது, டிரைவர் இல்லைன்னா மொதல்ல செய்யறதே இதைத்தானே" என்றார்.

முதலில் செய்கிறது! சனிக்கிழமை அதே ஒயரைச் சொருகிக் கோப்பை மாற்றின கை. கம்ப்யூட்டர் மிஸ். அவளுக்கா தெரியாமல் இருந்திருக்கும்? நாலு நாள் என்னைத் துடிக்கவிட்டு, டீயும் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். வேறு வழி இருக்கா என்று வாய்விட்டுக் கேட்டேனே, அதற்கும் மழுப்பினாளே! கேட்டால் பொய் சொல்லாதவள் என்று நம்பின புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டுவிடுவது என்ற முடிவோடு போனேன்.

போனபோது கட்டிலுக்குக் குறுக்கே, மாமாவுக்கு அடியில் ஒரு பழைய சேலை விரித்திருந்தது. அதன் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் முடிந்து, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு, பின்னால் சாய்ந்து சாய்ந்து அண்ணி அவரை ஒருக்களித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வா புள்ள, அந்தப் பக்கம் புடி" என்றார். பிடித்தேன். சேலை விலகியபோது, அண்ணியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஆறிப்போன நீளத் தழும்பு ஒன்று தெரிந்தது. நான் போகும்போது அது இல்லை.

"கையில என்ன அண்ணி காயம்?"

"விழுந்துட்டேன்."

"எப்ப?"

"நீ போன மறுமாசம். குளிக்க வைக்கத் தூக்குனேன், வழுக்கிருச்சு. ரெண்டு பேருமே விழுந்துட்டோம். அவரு எம்மேல கெடந்தாரு, நகர முடியல. பால்காரரு வந்துதான் தூக்கிவிட்டாரு. விடியக்காலம் விழுந்தது, அவரு வரும்போது நல்லா வெயிலு ஏறிருச்சு."

ஐந்து மாதம், தினமும் ஃபோன். மாமா எப்படி இருக்காங்க, நல்லா இருக்காரு. ஒருநாள், ஒரே ஒருநாள், நீங்க எப்படி இருக்கீங்க என்று நான் கேட்கவில்லை. வாய்வரைக்கும் கொண்டுவந்திருந்த கேள்வியை அங்கேயே முழுங்கிவிட்டேன். "வலி இருக்கா அண்ணி?" என்றேன்.

இருக்கு என்றார். முதுகில் இருக்கு, ராத்திரி அதிகம் என்றார். அப்புறம் நான் கேட்காததெல்லாம் வர ஆரம்பித்தது. அடுப்படிக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு, முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார். பகலில் பேச ஆள் இல்லாமல் டீவியை நிறுத்தப் பயமாக இருப்பது. அப்பா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்குக்கிட்டே கை வைத்துப் பார்ப்பது. அவர் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று ஒருநாள் நினைத்துவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தது. நான் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று கீரையைக் கீழே வைத்தார்.

"அந்த ஒயரு விசயம் எனக்கு வெள்ளிக்கெழமையே தெரியும் புள்ள."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"செவ்வாக்கெழம பதினோரு மணி தாண்டட்டும்னுதான் இருந்தேன். தாண்டிருச்சுன்னா நீ இங்கனயே இருப்பேன்னு. வேற வழி இருக்கான்னு நீ கேட்டப்பகூட வாயத் தொறக்கல நான். குளத்தூர்ல நான் முடியலைன்னு சொன்னாலும் கண்டுக்காம விட்டாங்கள்ல, அதத்தான் ஒனக்குப் பண்ணுனேன். அன்னக்கிக் காலையில நீ அழுதுக்கிட்டே தூக்குன பாரு, அதுக்கு மேல என்னால முடியல." கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "என்னைய நீ என்ன வேணாலும் திட்டு. கேட்டுக்கறேன்."

வழியெல்லாம் சேர்த்துவைத்துக் கொண்டுவந்தது அத்தனையும் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்படிக் கூடவே உட்கார்ந்து பேசின அந்த நாலு நாளை, லேப்டாப் கெடாமலே நான் அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. கீழே இருந்த கீரைக் கட்டைப் பிரித்து நானும் ஆய ஆரம்பித்தேன்.

நாலு மணிக்கு ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. மறுநாள் ஒன்பதுக்கு எனக்கு ஆபீஸ். அண்ணி பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

"ஒன் பஸ்ஸு" என்றார்.

"அடுத்த பஸ்ஸுல போறேன் அண்ணி. நீங்க சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு மணிக்கு மேல் எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கீரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.